மண்ணூர்பேட்டையில் சுற்றிய கம்பி

அம்பத்தூர் மேனாம்பேட்டுக்குக் குடிவந்த புதிதில், எங்கள் ஆலயத்துப் பியானோவை நான் மேசை என்றே நினைத்தேன். மேலே வெள்ளை விரிப்பு, இரண்டு பூச்சாடி, ஒரு கட்டுப் பாட்டுப் புத்தகம். ஒரு நாள் விரிப்பை விலக்கி மூடியைத் திறந்து ஒரு கட்டையை அழுத்தினேன். உள்ளே போன கட்டை மேலே வரவில்லை.

"அது கெட்டுப் பல வருஷம் ஆச்சும்மா. கீபோர்டு இருக்கே, போதாதா?" என்றார் பாஸ்டர்.

எனக்குப் போதவில்லை. பாளையங்கோட்டை விடுதியில் படித்தபோது தினமும் பியானோ வாசித்தவள் நான். கல்யாணம், கம்ப்யூட்டர் வேலை, அம்பத்தூர் ஃபிளாட் என்று ஆனபின் அந்தக் கட்டைகளின் கனம் விரலுக்குக் கிடைக்கவே இல்லை. வசதியில்லாத இடங்களுக்குப் போய்ப் பழைய பியானோக்களைச் சரிசெய்து தருகிற வெளிநாட்டுப் பெண் ஒருவர் சென்னைக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டதும் உடனே எழுதிப் போட்டேன். நான்கு நாள் தருவதாகப் பதில் வந்தது. நானும் நான்கு நாள் லீவு போட்டேன்.

அவருக்கு அறுபது வயதிருக்கும். வந்த கையோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பியானோவின் முன்பலகையைக் கழற்றினார். உள்ளே எலிக்கூடு. கம்பிகளைத் தட்டும் சின்னச் சுத்தியல்களின் கம்பளியைப் பிய்த்து, சண்டே ஸ்கூல் பிள்ளைகளின் வண்ணத்தாளோடு சேர்த்துக் கட்டியிருந்தது. நான் முகத்தைச் சுளித்தேன். அவர் ஆங்கிலத்தில், "நல்ல கம்பளி. எலிக்குக்கூடத் தெரிந்திருக்கிறது" என்று சிரித்தார்.

முதல் இரண்டு நாளும் கழற்றிய கட்டைகளுக்கு நான் எண் எழுதினேன். ஈரத்தில் உப்பியவற்றை அவர் இழைத்தார், புதுக் கம்பளி ஒட்டினார். பசை காயும் நேரத்தில் இருவரும் வேப்பமரத்தடியில் டீ குடித்தோம்.

மூன்றாம் நாள் காலை தடித்த கம்பிகளுக்கு வந்தோம். எஃகுக் கம்பியின்மேல் செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியவை அவை. அதில் ஒன்று அறுந்திருந்தது. அவர் கொண்டுவந்த அந்த வகைக் கம்பியெல்லாம் முன்பு போன ஊர்களில் தீர்ந்துவிட்டன. வெறும் எஃகுக் கம்பிதான் ஒரு சுருள் மிச்சம். "ஒரு சுரம் இல்லாமல்தான் விட்டுப் போகவேண்டும்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு மனமில்லை.

எனக்கு மண்ணூர்பேட்டை ஞாபகம் வந்தது. எங்கள் ஃபிளாட்டின் தண்ணீர் மோட்டார் எரியும்போதெல்லாம் உள்ளே செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டித் தருகிறவர் அங்கே இருந்தார். அறுந்த கம்பியையும் எஃகுச் சுருளையும் எடுத்துக்கொண்டு இருவரும் ஆட்டோ ஏறினோம்.

"இன்னா சிஸ்டர், மோட்டார் மறுபடியும் பூட்ச்சா?" என்றார் காயில்காரர்.

"மோட்டார் இல்லண்ணா, பியானோ கம்பி. இதே மாதிரி ஒண்ணு சுத்தணும்."

வாங்கி நகத்தால் நெருடிப் பார்த்தார். "எவனோ நல்லா சுத்திக்கீறான். காத்துகூட பூராது."

ஒரு மணி நேரத்தில் சுற்றி முடித்து, கடையை அடைத்துவிட்டு ஸ்கூட்டரில் எங்கள் பின்னாலேயே ஆலயத்துக்கு வந்தார். கம்பியை மாட்டிக் கட்டையை அழுத்தினால், தகர டப்பாவில் வண்டு புகுந்ததுபோல் கர்ரென்றது. காயில்காரருக்குக் காது சிவந்துபோயிற்று.

"லூசா கீது, மேடம். கெயட்டுங்க. இன்னொரு தபா சுத்தலாம்."

இரண்டாவது முறை அந்த வெளிநாட்டு அம்மாவும் கடையில் அவர் பக்கத்திலேயே நின்றார். செம்பு நழுவாமலிருக்க எஃகின் முனைகளைத் தட்டித் தட்டையாக்கிக் காட்டினார். காயில்காரர் கம்பியின் ஒரு முனையைச் சுற்றும் மெஷினில் பிடிக்க வைத்து, மறுமுனையை, கூடவே சுழலும்படி பேரிங் வைத்த கொக்கியில் மாட்டி, கப்பி வழியாக ஒரு பழைய மோட்டாரை எடைக்குத் தொங்கவிட்டார். கம்பி விறைத்துச் சுழன்றது. "ஸ்லோ, ஸ்லோ" என்றார் அந்த அம்மா. "தெரியும் மேடம், தெரியும்" என்றார் இவர் தமிழில். மொழிபெயர்க்க வந்த நான் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நான்காம் நாள் அது ஒலித்தது. அடிவயிற்றில் இறங்குகிற ஒலி. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை அதே கட்டையை அழுத்தினார். புதுக்கம்பி சில வாரம் இழுபட்டுச் சுருதி இறங்கும் என்று சொல்லி, திருகி ஏற்ற எனக்கு ஒரு சாவியைக் கொடுத்துவிட்டு அன்று மாலையே கிளம்பிவிட்டார்.

இப்போது வீடு மாறி நான் நெமிலிச்சேரியில் இருக்கிறேன். பிறகு எத்தனையோ முறை லீவு போட்டிருக்கிறேன். அந்த நாலு நாள் மாதிரி ஒன்று அமையவில்லை. அதைவிடவும் மனதில் நிற்பது அதற்கு அடுத்து வந்த ஞாயிறு, ஆராதனைக்கு நான் பியானோ வாசித்த நாள். காயில்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் மனைவியோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதுவரை எந்த ஆலயத்துக்குள்ளும் வந்ததில்லையாம். ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே போனபின் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"எல்லாம் ஒண்ணா கலந்து கேக்குது சிஸ்டர். நம்முது எதுன்னே தெர்ல. நான் சுத்துனது ஒண்ணு கீதுன்னு இவகிட்ட சொல்லிக்கினு வந்தேன்."

அந்தக் கட்டையைக் காட்டினேன். அவர் தொடவில்லை. "நீ அமுக்கு" என்று மனைவியிடம் சொன்னார். மனைவி ஒரு விரலால் மெதுவாக அழுத்தி, ஒலி தேய்ந்து அடங்கும்வரை விரலை எடுக்காமல் நின்றார். பிறகு புருஷனைத் திரும்பிப் பார்த்தார்.

"நீயா சுத்துன?" என்றார்.