ஒரே பில்லில் மூன்று நடை

‘வாகனத்தின் முழுப் பொறுப்பாளர்’ என்று வணிகவரி அதிகாரியின் உத்தரவு மாரண்டஹள்ளி குப்புராஜைக் குறிப்பிட்டது. பத்தொன்பது வருடம் லாரி ஓட்டியவருக்கு அதுவரை யாரும் அவ்வளவு பெரிய பதவி கொடுத்ததில்லை. டீசல் எவ்வளவு போடுவது என்பதைக்கூட முதலாளி சந்திரமோகனின் மேனேஜர்தான் போனில் சொல்வார்.

குவாரியிலிருந்து ஓசூருக்குத் தூரம் குறைவு. பில்லுக்கோ ஒரு நாள் முழுக்க ஆயுள். ஆகவே ஒரு லோடுக்கு வரி கட்டிய பில்லிலேயே மூன்று லோடு கிரானைட் போகும். டிரைவர்களுக்கு இது களவாகத் தோன்றியதே இல்லை. பில்லைக் கசங்காமல் வைத்திருப்பவன் நல்ல டிரைவர், அவ்வளவுதான். குப்புராஜ் பிளாஸ்டிக் உறையே போட்டிருந்தார். ஆனால் பிடிபட்ட அன்றைக்கு டோல்கேட் கேமரா அவரை மூன்று முறை பார்த்திருந்தது.

லாரியை வணிகவரி அலுவலக வளாகத்தில் நிறுத்திவிட்டார்கள். அதை விட்டு நகரக் கூடாது என்று முதலாளி சொல்லியனுப்பினார். ஆறு நாள் லாரிக்கு அடியிலேயே சமையலும் படுக்கையும். ஏழாம் நாள் காலை மேனேஜர் கோகுல்ராஜ் பிரியாணியோடு வந்தார். அந்த ஆறு நாளும் போனையே எடுக்காதவர் வாங்கி வந்த பிரியாணியைக் குப்புராஜ் பிரிக்காமல் ஓரமாக வைத்தார்.

கூடவே ஒரு தாளும் இருந்தது. பில்லை மறுபடி ஓட்டியது டிரைவரின் சொந்த யோசனை, முதலாளிக்குத் தெரியாது என்று டைப் அடித்திருந்தார்கள். கையெழுத்து மட்டும் பாக்கி.

“போட்டா என்னய உள்ள வெச்சுருவாங்களாங்க?”

“தெரியலைங்கண்ணா. நம்ம டிரைவர் இண்டூர் மாதப்பன் இப்படித்தான் போடமாட்டேன்னாரு. இப்ப எங்க இருக்காருன்னு அவரு வூட்டுக்கே தெரியலீங்க.” அன்பாகத்தான் சொன்னார். “கோகிலா அக்கா நல்லாருக்காங்களா?”

மனைவியின் பெயர் அவருக்கு எப்படித் தெரியும் என்று குப்புராஜ் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

“போன வருஷம் மொதலாளிக்கு மூணு கோடி வரி பாக்கின்னாங்களே?”

“அதுக்கு கவர்மெண்டே ஸ்கீம் போட்டுச்சு. வரிய மட்டும் கட்டினாரு, அபராதமெல்லாம் தள்ளுபடி.”

“எனக்கு ஸ்கீம் இல்லீங்களா?”

“அது வரி பாக்கி வெச்சவங்களுக்குங்கண்ணா. நீங்க எங்க பாக்கி வெச்சீங்க?”

மதியம் அதிகாரி உள்ளே கூப்பிட்டார். கேட்டுக்கு வெளியே கம்பெனி ஜீப் இன்ஜினை அணைக்காமல் நின்றது. மேனேஜர் கொடுத்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, குப்புராஜ் வெள்ளைத்தாள் ஒன்று கேட்டு வாங்கினார். மூன்று நடையும் ஓட்டியது நான், ஓட்டச் சொன்னது மேனேஜர் கோகுல்ராஜ் என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.