ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்

இன்று காரிமங்கலம் வீட்டில் உட்கார்ந்து, முதியவர்களுக்கான ஒரு ஆப்பின் டேட்டா டிக்‌ஷனரி எழுதினேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன பொருள் என்று எழுதிவைக்கும் வேலை.

'பிறந்த தேதி'யில் தகராறு. அறுபதுகளில் பிறந்த பாதிப் பேருக்கு ஜூன் ஒன்று!

"தப்பான டேட்டாங்க, அழிச்சிடலாம்" என்றார் ஃபோனில் எங்கள் டீம் லீட்.

என் அம்மாவுக்கும் அதே தேதிதான். கேட்டேன்.

"கேவுரு அறுப்புல பொறந்தேன்னுதான் எங்காத்தா சொல்லுச்சு, கண்ணு. இது பள்ளிக்கூடத்துல சேர்க்கையில வாத்தியார் போட்ட தேதி." கேவுரு என்றால் எங்கள் பக்கம் கேழ்வரகு.

'பள்ளியில் ஆசிரியர் தந்த தேதி. பிழையல்ல, அழிக்க வேண்டாம்' என்று எழுதினேன். ஆதாரம் என்ற இடத்தில்: அம்மா.

டீம் லீட் உடனே ஒப்புதல் தந்தார். கீழே ஒரு வரி: "எங்கம்மாவும் ஜூன் ஒண்ணுதாங்க."

உங்கள் வீட்டில் யாருக்கு ஜூன் ஒன்று? சொல்லுங்கள், கேக்கைப் பெரிதாகவே வாங்கிவிடலாம்.