டைப்-டூ கப்பல்

நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரி வெட்ட அப்பா ஓட்டிய வாளிச்சக்கர இயந்திரத்தைப் பார்த்துவிட்டுத்தான் தமிழில் ஒலிபரப்பான ஒரு வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடரின் விண்கப்பலை யாரோ வரைந்திருக்கிறார்கள் என்று எங்கள் குடும்பம் நம்பியது. கப்பலின் முகப்பிலும் பல் வைத்த பெரிய சக்கரம் சுழன்றது. அதே ரகத்தில் பல கப்பல்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் அப்பா, "நம்ம மெஷின்தான் இது" என்பார்.

அண்ணனுக்கும் அவனைவிட ஒரு வயது இளையவளான எனக்கும் ஓவியக் கல்லூரி ஆசை இருந்தது. ஒருவரைத்தான் சென்னைக்கு அனுப்ப முடியும் என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார்.

அந்தக் கப்பலை ஒரு மாதம் உட்கார்ந்து வரைந்தவள் நான். அதைத் தொடரை எடுத்தவர்களுக்குத் தன் பெயரில் அனுப்புவதாக அண்ணன் சொன்னான்; கடிதம் எழுதுகிறவன் பெயரைத்தானே போட வேண்டும் என்றான். சில வாரங்களில், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த பதிலைக் கொண்டுவந்து காட்டினான். தங்கள் டைப்-டூ கப்பலை இவ்வளவு நுட்பமாக எவரும் வரைந்ததில்லை என்றது கடிதம். அப்பா அதை லேமினேட் செய்து ஷிப்டுக்கு எடுத்துப் போனார். அந்தக் கடிதத்தின் பேரில் அண்ணன் சென்னைக்குப் போனான். நான் கடலூருக்குப் பேருந்தில் போய் வரலாறு படித்தேன். படம் என்னுடையது என்று அப்பாவிடம் சொல்லவில்லை. கடல் கடந்த ஒருவர் என் கோடுகளை மெச்சினார் என்பதே எனக்குப் பல வருடங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

போன மாதம் அத்தொடரைக் கைபேசியில் ஆங்கிலத்தில் பார்த்தேன். ஒரு ரகத்தில் முதலில் கட்டிய கப்பலின் பெயரே அந்த ரகம் முழுவதற்கும் பெயர் என்று அதில் ஒரு தளபதி விளக்குகிறாள். 'டைப்' என்ற சொல்லும் இல்லை, எண்ணும் கிடையாது. டைப்-டூ என்பது நாங்கள் வளர்ந்த சுரங்க நிறுவனக் குவார்ட்டர்ஸின் ரகப் பெயர். தமிழ் ஒலிபரப்பில் கேட்ட 'ரகம்' என்ற சொல்லுக்கு, தன் வீட்டுக்கு வழங்கிய பெயரைக் கடிதத்தில் போட்டவன் நெய்வேலிக்காரனாகத்தான் இருக்க முடியும்.

அண்ணனைத் தொலைபேசியில் கேட்டேன். மறுக்கவில்லை. கடிதத்தை அவனே தட்டச்சு செய்தானாம். படத்தை அஞ்சலில் போடவே இல்லை. கல்லூரி நேர்காணலில் தன் படமென்று காட்டினானாம்.

"இத்தினி வருஷம் கழிச்சு இதையா நோண்டிக்கினு இருக்க?" என்றான். பிறகு, "அப்பாகிட்ட சொல்லிடாதம்மா" என்றான். அதற்கு முன் அவன் என்னை 'அம்மா' போட்டு அழைத்ததில்லை.

அப்பா ஓய்வு பெற்றதும் வடலூருக்கு வந்துவிட்டோம். வருகிறவர்களிடம் அவர் இன்றும் அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டுகிறார். கண் சரியில்லாததால் என்னைப் படிக்கச் சொல்கிறார். டைப்-டூ உட்பட முழுவதையும் படிக்கிறேன். அம்மா இல்லை. அண்ணன் வேறு நாட்டில் இருக்கிறான். இந்த வீட்டில் இருப்பது அப்பாவும் நானும்தான்.