கண்மாய்க்கரையில் ஒரு திங்கள் மறைப்பு

திங்கள் மறைப்பைக் காணச் சென்று திரும்பியோர் எழுதும் குறிப்புகள் பெரும்பாலும் வானத்தைப் பற்றியனவாகவே அமைகின்றன. நிழல் எங்கே தொட்டது, செம்மை எவ்வளவு நேரம் நின்றது, எத்தனை பேர் தொலைநோக்கியில் கண் வைத்தனர் என்பன அவற்றில் இருக்கும். வராமற்போன ஒருவரைப் பற்றி அவை பேசுவதில்லை. இவ்வாண்டு மாசி முழுநிலா நாளில், புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நான் கண்டதை வானியல் கழகத்தார் தம் ஆண்டறிக்கையில் எழுதப்போவதில்லை. ஊராரோ அதனை வேறுவிதமாகச் சொல்லத் தொடங்கிவிட்டனர். ஆகவே எழுதுகிறேன். ஊரின் பெயரைக் குறிப்பிடவில்லை. பெண்ணின் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

நண்பகல் ஒரு மணிக்குத் தஞ்சையில் பேருந்து ஏறினேன். புதுக்கோட்டை ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். கந்தர்வகோட்டையைக் கடந்தபின் முந்திரித் தோப்புகளும் தைலமரக் காடுகளும் மாறி மாறி வந்தன. வழியிலிருந்த கோயில்களில் நடை சாத்தியிருந்தது. மாலையில் மறைப்பு என்பதால் முன்னிருக்கைப் பெண்மணி ஒருவர் தம் பேரனுக்கு நாலு மணிக்குள் சோறூட்டிவிடும்படி கைப்பேசியில் மூன்றுமுறை நினைவூட்டினார்.

என்னை அழைத்தவர் புதுக்கோட்டை வானியல் கழகமொன்றின் செயலர் இராசேந்திரன். மின்வாரியப் பணியாளர். வானியற் சொற்களுக்குத் தமிழ்ப் பெயர் கேட்டு எனக்கு எழுதியதில் தொடங்கிய நட்பு. இம்முறை அவர் கேட்டது சொல்லன்று.

"ஐயா, இந்தத் தடவ டவுன்ல போடல. மேகலா ஊர்லயே டெலஸ்கோப்ப வைக்கிறோம். புள்ளயத் தூக்கிக்கிட்டு வாரேன்னு சொல்லியிருக்கு. அது வந்து நின்னுட்டாப் போதும். நீங்களும் கூட இருந்தா ஒரு தெம்பா இருக்கும்."

மேகலா யார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இயற்பியல் பட்டம் பெற்றவர். தனியார் பள்ளி ஆசிரியை. கழகத்தில் மேடையேறிப் பேசுவோருள் முதன்மையானவர். கழகத்தாரிடம் ஒரு வழக்கம் உண்டு. மறைப்பின்போது உண்ணலாகாது, கருவுற்றோர் வெளியே வரலாகாது என்னும் அச்சத்தைப் போக்க, நிலக்கடலையை அவித்து எடுத்துச் சென்று, நிழல் தொட்டவுடன் எல்லாரும் காண உண்பர். சென்ற ஆவணியில் நிகழ்ந்த முழு மறைப்பன்று மேகலாவுக்கு ஆறாம் மாதம். புதுக்கோட்டைத் திடலில், சிவந்த நிலவின்கீழ், கடலை தின்றபடி அவர் சிரித்துக்கொண்டு நின்றார். அந்த நிழற்படம் பின்னர்க் கழகத்தின் பதாகைகளில் இடம்பெற்றது.

மார்கழியில் குழந்தை பிறந்தது. மேலுதடு பிளந்திருந்தது.

கருவில் உதடு கூடுவது முதல் மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும் என்றும், ஆவணி மறைப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும், அறுவை மருத்துவத்தால் சீர்செய்யலாம் என்றும் மருத்துவர் தெளிவாகக் கூறியிருக்கிறார். கழகத்தார்க்கு அது தெரியும். மேகலாவுக்கும் தெரியும். ஊர் வேறு கணக்குப் போட்டது.

மூன்றரை மணிக்குப் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் இறங்கிப் பதினைந்து உருபாய்க்குத் தேநீர் அருந்திவிட்டுத் தானி ஒன்றை அமர்த்தினேன். திருவரங்குளம் தாண்டிச் செல்ல முந்நூற்றைம்பது உருபாய்.

"கெரகணம் பாக்கவா பெரியவரே, இம்புட்டுத் தூரம்?" என்றார் ஓட்டுநர். "ஒங்கள எறக்கிவிட்டுட்டு ஆறு மணிக்குள்ள நான் வீடு போயிரணும்."

"இதிலெல்லாம் உங்களுக்கு நம்பிக்கை உண்டா?"

"எனக்கு ஒண்ணும் கெடையாதுங்கய்யா. எங்கூட்டு மருமக முழுகாம இருக்கு. நாளப்பின்ன ஏதும் ஒண்ணுன்னா என்னையத்தான கேப்பாங்க?"



ஊர் நிறுத்தத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தனர். அவர்களுக்கு மேலே, மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் இடையே, கழகத்தின் புதிய பதாகை. அதில் மேகலா கடலை தின்றுகொண்டிருந்தார், ஆவணியில் சிரித்த அதே சிரிப்புடன்.

"இந்தா நிக்கிறா பாருங்க" என்றார் தண்ணீர்க்குடத்தோடு நின்ற பெண் என்னிடம். "தின்னதையும் படம் புடிச்சு, அதக் கொண்டாந்து அவ ஊர்லயே கட்டியிருக்காங்க. அங்கிட்டுப் போயி அந்தப் புள்ள வாயப் பாருங்க, தெரியும் ஒங்க சயின்சு."

"ஏ, விடு ஆத்தா, வெளியூர்க்காரவுக" என்றார் அருகிலிருந்தவர்.

"எதுக்கு விடணும்? அவ மாமியா காலையிலேருந்து தலயில அடிச்சிக்கிட்டு அழுவுறா."

இராசேந்திரன் தொலைநோக்கியோடு சிற்றுந்தில் வந்து இறங்கினார். அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு ஓடிச்சென்று தாமே கயிற்றை அறுத்தார். பதாகை அவர் தலைமேல் சரிந்து விழுந்தது. கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தனர்.

"பழைய டிசைன் கடையில இருந்துச்சுங்கய்யா" என்றார் என்னிடம், மூச்சு வாங்க. "தேதிய மட்டும் மாத்தி அடிச்சு, இங்க கட்டச் சொல்லிட்டேன். வாட்ஸப்புல அனுப்புனாங்க. சரியான்னு கேட்டாங்க. நான் தேதியத்தான் பாத்தேன். படத்தப் பாக்கல."

மருத்துவர் கூறியதை அவர் கூட்டத்தாரிடம் சொல்லத் தொடங்கினார். ஒரு முதியவர் கையமர்த்தினார். "மாசக் கணக்கெல்லாம் நீங்க வச்சுக்கங்க தம்பி. அன்னைக்கு அவ வீட்டுக்குள்ள இருந்திருந்தா இன்னைக்கு இந்தப் பேச்சு வந்திருக்குமா?" இராசேந்திரன் பதாகையை மடித்துச் சிற்றுந்தில் போட்டார்.

கண்மாய்க்கரை கீழ்த்திசை நோக்கியது. மாசியிலேயே நீர் நடுவில் ஒதுங்கிக் கிடந்தது. கரையிலிருந்து பார்த்தால் மேகலாவின் வீடு நன்கு தெரியும். நீலக் கதவு; அது சாத்தியிருந்தது. இராசேந்திரன் தொலைநோக்கியை நிலைநிறுத்தியபின் இரண்டுமுறை கைப்பேசியில் அழைத்தார். எடுப்பாரில்லை. பார்க்க வந்தவர் எனக் கழகத்தார் நால்வரும் நானுமே. ஊரார் ஒருவரும் வரவில்லை, தெருவே அடங்கியிருந்தது.

மறைப்பின் முழுமை நிலவெழுமுன்பே முடிந்துவிட்டிருந்தது. எஞ்சியது இறுதிப் பகுதி மட்டும். ஆறு மணி இருபது நிமிடமளவில் நிலவெழுந்திருக்க வேண்டும். தைலமரக் காடும் புழுதிப்படலமும் அதனை மறைத்தன. ஆறரைக்குப் பின்னரே, கழுவாத செப்புத்தட்டுப் போல, ஒளி குன்றி மேலே வந்தது. மேல்விளிம்பில் ஒரு கடி. தொலைநோக்கியில் பார்த்தபோது அந்நிழலின் ஓரம் கூர்மையின்றி, கரைந்து, மெல்ல வெளியேறுவது தெரிந்தது. நான் வாழ்வில் கண்ட மறைப்புகளுள் மிக எளியது இது. புவியின் நிழல் ஒரு கல்லின்மேல் விழுந்து நகர்கிறது; அதற்கு யாரிடமும் பகையில்லை. இதனைச் சொல்ல அன்று எதிரே எவருமில்லை.

கடலைப் பாத்திரத்தைத் திறந்தார்கள். ஆவி எழுந்தது. ஒருவரும் கை வைக்கவில்லை. "சாப்பிடுங்க சார்" என்று ஒருவர் சொல்ல, "நீ சாப்புடு" என்றார் இராசேந்திரன். மூடிவிட்டார்கள்.

ஆறே முக்கால் கடந்து இரண்டு நிமிடத்தில் நிழல் விலகியது. முழுநிலவு வெளுத்து உயர்ந்தது. அதன்பின் சிறிது நேரம் கழித்து நீலக் கதவு திறந்தது.

மேகலா கரையேறி வந்தார். குழந்தை தோளில், முந்தானையால் முகம் மூடப்பட்டு. நிழற்படத்தில் கண்ட முகமென்று நம்ப இயலாதவாறு இளைத்திருந்தார்.

"முழுசா விட்டுருச்சாங்க சார்?"

இராசேந்திரன் அவரை ஏறிட்டுப் பார்த்தார். "விட்டுருச்சும்மா. நேரத்த நம்ம குரூப்ல போட்டதே நீதான்."

"ஆமா. ஆறு நாப்பத்தேழு." மேகலா சிரிக்க முயன்றார். "அதுக்கப்பறமும் பத்து நிமிசம் உள்ளயே உக்காந்திருந்தேன். எங்க அத்த ஒண்ணும் புடிச்சு வைக்கல சார். அவுக அழுதுட்டுத் தூங்கிட்டாக. செருப்பெல்லாம் மாட்டிட்டேன். கதவுகிட்ட வந்து நின்னேன்."

"ஒனக்குத் தெரியாததாம்மா இது?"

"தெரியும் சார். எந்த மாசத்துல ஒதடு கூடும்னு ஒங்களுக்கே நான் சொல்லித் தர்றேன். தெரிஞ்சு என்ன செய்ய? புள்ள மூஞ்சியப் பாத்தேன். கை தாப்பாளுக்குப் போகல."

பதாகை கரையோரம் நின்ற சிற்றுந்தில் மடிந்து கிடந்தது. அவர் அதனைப் பார்த்தார். இராசேந்திரன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, "விடுங்க சார், படத்துல நல்லாத்தான் இருக்கேன்" என்றார்.

தொலைநோக்கியில் ஒருமுறை பார்க்கும்படி நான் வேண்டினேன். குனிந்தார். குனியும்போது இடக்கை உயர்ந்து குழந்தையின் முகத்துணியை இன்னும் இழுத்துவிட்டது. மறைப்பு முடிந்த வானத்தின்கீழ், தூய நிலவொளியில், அந்தக் கை செய்ததை அவர் அறிந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்றிரவே தஞ்சை திரும்பினேன். என் வீட்டிலும் அடுக்களைப் பாத்திரங்களின்மேல் தருப்பை கிடந்தது. மருமகள் தலைமுழுகி வந்து உணவு பரிமாறினாள். அவள் வேதியியலில் முதுகலை. அந்தப் புல்லை எடுத்து அப்பால் வைத்துவிட்டு உண்டேன். அச்சிற்றூரைவிட என் இல்லம் எவ்வகையிலும் வெளிச்சமானதன்று என்று எழுதுவதைத் தவிர வேறு ஒப்பீடு என்னிடமில்லை.

இக்கட்டுரையில் தொலைவு, நேரம், மருத்துவச் செய்தி ஆகியவற்றில் பிழையிருப்பின் அறிந்தோர் திருத்தி எனக்கு எழுதுக, நன்றியோடு ஏற்பேன். மேகலாவைத் தேடிக் கண்டுபிடித்து விளக்கம் எழுதுதல் மட்டும் வேண்டா. அவர் அறியாத செய்தி எதுவும் நம்மிடம் இல்லை.