குழந்தைக்கு ஒரு குளிசையில் ஐந்தில் ஒரு பங்கு: நெடுந்தீவுப் பயணம்

குதிரைகளைப் பார்க்கத்தான் போனேன். பங்குனியில் கடல் அடங்கியிருக்கும் என்று நண்பர்கள் சொன்னதை நம்பி வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்து, மறுநாள் காலை 6.10 பேருந்தில் குறிகட்டுவானுக்குப் புறப்பட்டேன். ஒன்றரை மணித்தியாலப் பயணம். எட்டு மணிப் படகு எட்டரையாகியும் துறையை விட்டு நகரவில்லை. எனக்கு வழக்கம்போல் கோபம் வந்தது. யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் உள்ளே போய் இருந்துகொண்டேன்.

பக்கத்தில் ஓர் இளம் தாய், மடியில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. முதல்நாள் யாழ்ப்பாணத்தில் கிளினிக் முடித்துவிட்டு நெடுந்தீவுக்குத் திரும்புகிறார்கள். அவர் ஒரு குளிசையைப் பத்து மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் இரண்டு மில்லிலீற்றரை மட்டும் இழுத்துக்கொண்டு மிச்சத்தைக் கடலில் ஊற்றினார். மருந்தை இப்படி வீணாக்குவதா என்று வாய் சும்மா இராமல் கேட்டுவிட்டேன்.

“இது பெரிய ஆக்களின்ர குளிசை அண்ணை. இவளுக்கு இதயத்தில பிரச்சினை. பிள்ளையளுக்கெண்டு செய்த மருந்து இஞ்ச இல்லையாம். இப்பிடித்தான் கரைச்சுக் குடுக்கவேணும். மிச்சத்தை வைக்கேலாது. இவளை ஒருக்காப் பிடிக்கிறீங்களோ?”

பிடித்தேன். சிரிஞ்சை வாயில் வைத்ததும் படகு ஓர் ஆட்டம் ஆடியது. கசப்பு தாங்காத குழந்தை என் வலது சட்டைக் கையில் துப்பிவிட்டது. துடைக்கப் போனேன்.

“ஐயோ, துடைக்காதேங்கோ அண்ணை!”

அவர் அதற்குள் கிளினிக் தாதியைத் தொலைபேசியில் பிடித்துவிட்டார். மறுமுனையிலிருந்து வந்த முதல் கேள்வி எனக்கும் கேட்டது. “எவ்வளவு துப்பினவள்?”

அவர் சிரிஞ்சில் ஒரு மில்லிலீற்றர் வெறும் தண்ணீரை இழுத்து என் இடது சட்டைக் கையில் ஊற்றினார். இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து, இரண்டு ஈரங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சரியா அரைவாசி, மிஸ்.”

“அப்ப திருப்பிக் குடுக்காதேங்கோ. கூடினா பிரஷர் விழுந்திடும். மூச்சு வாங்கினா உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.”

ஒரு குழந்தையின் இதயத்துக்கான மருந்தை அளக்க என் சட்டைதானா கிடைத்தது? பெரியவர்களுக்கு எத்தனை நிறத்தில், எத்தனை அளவில் குளிசை செய்கிறார்கள்! இவளுக்கு ஒன்று செய்ய ஒருவருக்கும் தோன்றவில்லையா? படகு ஒருவழியாகப் புறப்பட்டு ஒரு மணித்தியாலம் ஓடியது. கடலைப் பார்த்தேன் என்று சொன்னால் பொய். அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். துறையில் காத்திருந்த கணவர் குழந்தையை வாங்கும்போதே, “மருந்து குடிச்சவளோ?” என்று கேட்டார். “அரைவாசி” என்றார் அவர். அந்த மனிதனின் முகம் மாறியதை என்னால் மறக்க முடியவில்லை.

போகிறவர்களுக்காக: தீவைச் சுற்ற ஆட்டோவுக்கு மூவாயிரம் ரூபாய் கொடுத்தேன். கோட்டை, பெருக்கு மரம், குதிரைகள் எல்லாவற்றுக்கும் மூன்று மணித்தியாலம் போதும். வெயில் கொல்லும், நிழல் குறைவு. குடிதண்ணீர் கொண்டு போங்கள். திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வையுங்கள், அடிக்கடி மாறுகிறது. படகில் யாராவது குழந்தைக்கு மருந்து கரைத்தால் பேச்சுக் கொடுக்காதீர்கள். அளவு தப்பிவிடும்.

குதிரைகள் அழகாகத்தான் நின்றன. மனம்தான் அங்கே நிற்கவில்லை. ஆட்டோக்காரருக்கு அந்த வீடு தெரிந்திருந்தது. திரும்பும் வழியில் நிறுத்தச் சொன்னேன்.

“இதுவரைக்கும் மூச்சு வாங்கேல்லை அண்ணை” என்றார் தாய். “இரவு எட்டுக்கு அடுத்த நேர மருந்து குடுக்கவேணும்.”

முற்றத்தில் கோழிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த குழந்தை திரும்பி என்னைப் பார்த்தது. உடனே இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டது.