நகவெட்டி அக்காவும் மேனேஜரின் காலும்

அந்தப் பகுதியில் அவளை எல்லோரும் நகவெட்டி அக்கா என்றுதான் சொல்வார்கள். அதற்கெல்லாம் அவள் முகம் சுளிக்க மாட்டாள். "அம்மா அப்பா வச்ச பேரைவிட இதுக்குத்தான் நான் அதிகமா உழைச்சிருக்கேன்" என்று சிரிப்பாள். ஐம்பத்து மூன்று வயது, கனத்த உடம்பு, இடது முழங்காலில் தீராத வலி. இருபத்தோரு வருஷம் ஓய்வே கொடுக்காமல் மண்டியிட்ட முழங்கால் அது, வலிக்காமல் என்ன செய்யும்?

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய செருப்புக்கடையில். வாடிக்கையாளர் மெத்தை போட்ட நாற்காலியில் சாய்ந்து உட்காருவார். இவள் கீழே மண்டியிட்டு, காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்து, ஷூவை மாட்டி, நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி, "விரலுக்கு இடம் இருக்கா, பாருங்க" என்பாள். முகம் மறந்துவிடும், கால் மறக்காது. தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் குனிந்து காலைப் பார்த்துவிட்டுத்தான், "அடடே, நீங்களா!" என்பாள்.

ஒருநாள் ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் ஷூ வாங்க வந்தார். மனைவி போய்ச் சேர்ந்தபின் தனியாக இருப்பவர். இவள் அவருடைய பழைய ஷூவைக் கழற்றினாள். சாக்ஸ் ஈரமாக இருந்தது. உருவிப் பார்த்தால் உள்ளங்காலில் ரத்தம். ஷூவைத் தலைகீழாகத் தட்டியதும் சின்ன ஆணி ஒன்று தரையில் விழுந்தது.

"வலிக்கலையா ஐயா?"

"எதும்மா வலிக்கணும்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். பதினெட்டு வருஷச் சர்க்கரை. காலில் உணர்ச்சியே இல்லை. ஆணிமேல் நின்றே அன்று காலை முழுக்க நடந்திருக்கிறார்.

அவள் அரைநாள் லீவு சொல்லிவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கட்டுப்போடும் நர்ஸ் காயத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இன்னும் நாலு நாள் விட்டிருந்தா விரல் போயிருக்கும். வயசானவங்களுக்குக் குனிய முடியாது, கண்ணும் தெரியாது. பார்த்துச் சொல்ல ஒரு ஆள் இல்லாமலேயே பாதிப் பேருக்குக் கால் போகுதுக்கா."

அந்த வார்த்தை அவளுக்குள் சிக்கிக்கொண்டது.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய வியாழன், சர்ச்சில் கால் கழுவும் ஆராதனை. இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, போதகர் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டில் இவளும் ஒருத்தி. வரிசையாக உட்கார்ந்தவர்களின் கால்களைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. எல்லாக் காலும் வீட்டிலேயே தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, பவுடர் போட்டு வந்திருந்தன. இவளுடையதும்தான். ஆராதனை முடிந்ததும் போதகரிடம் கேட்டேவிட்டாள். "நாங்க எல்லாருமே கழுவிட்டுத்தானே ஐயா வந்தோம்?"

போதகர் ஒளிவுமறைவு இல்லாத மனிதர். "தெரியும்மா. பவுடர் வாசனை மூக்கைத் துளைச்சுது" என்று சிரித்தார். பிறகு துண்டை மடித்துக்கொண்டே, "கழுவாத கால் எங்கே இருக்குன்னு என்னைவிட உங்களுக்குத்தானே நல்லாத் தெரியும்" என்றார்.

அடுத்த ஞாயிறு மதியம் அவள் குமாஸ்தா வீட்டுக்குப் போனாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பேசின், இரண்டு துண்டு, ஒரு நகவெட்டி, ஒரு கைக்கண்ணாடி. எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று கட்டுப்போடும் நர்ஸிடம் மூன்று முறை கேட்டுப் பழகியிருந்தாள். வெந்நீரின் சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும். விரல் இடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. நகத்தை நேராக வெட்ட வேண்டும், ஓரத்தைத் தோண்டவே கூடாது. உள்ளங்காலுக்குக் கீழே கண்ணாடியைப் பிடித்து அவரையே பார்க்கவைக்க வேண்டும். புண் இருந்தால் கைவைக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

குமாஸ்தா வாய்வழியாகச் செய்தி பரவியது. ஒரு வீடு நாலாயிற்று, நாலு ஒன்பதாயிற்று. அவள் யார் என்ன மதம் என்று கேட்பதில்லை. காலைத் துடைக்கும்போது வாய்க்குள்ளேயே ஜெபம் செய்துகொள்வாள், சத்தம் வெளியே வராது. "காலைப் பிடிச்சு மதத்துக்கு ஆளை இழுக்க வந்திருக்கேன்னு யாரும் நினைச்சிடக் கூடாது" என்பாள்.

பஸ் ஓட்டும் கணவருக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. "கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல என் கால்ல ஒரு நகம் வெட்டியிருக்கியா?"

"உங்களாலதான் குனிய முடியுதே."

"முடியலைன்னு நாளைக்கே சொல்லிடறேன்."

கிண்டல் எவ்வளவு இருந்தாலும், மாடிவீடு என்றால் பேசினைச் சுமந்துகொண்டு முன்னால் ஏறுவது அவர்தான். அவள் உட்காருவதற்காக ஒரு குட்டை முக்காலியில் பஸ் சீட்டின் பஞ்சை வைத்துத் தைத்தும் கொடுத்தார்.

இப்படி நாலு வருஷம் ஓடிய பிறகுதான் கடையில் அந்தச் சம்பவம் நடந்தது.

கடை மேனேஜர் கறாரான மனிதர். தப்பு என்று ஒன்று நடந்தால் யார் தலையிலாவது கட்டாமல் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு சனிக்கிழமை, கடை நிறையக் கூட்டம். பெரிய இடத்துப் பெண்மணி ஒருத்தி பெட்டியும் கையுமாக வந்து கத்தினாள். முந்தின நாள் வாங்கிய ஷூ, வீட்டில் போய்த் திறந்தால் இரண்டும் இடது கால்! அதைக் காட்டி விற்றது இவள்தான். ஆனால் பெட்டியில் போட்டுக் கட்டியது மேனேஜர். பெட்டியிலிருந்து உருவிய நாடாவில் அவருடைய முடிச்சு அப்படியே இருந்தது.

அந்த நேரம் இவள் இன்னொருவருக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். மேனேஜர் அவளை நோக்கி விரலை நீட்டினார். "இந்த அம்மாகிட்ட முழங்கால் போட்டு மன்னிப்புக் கேள்."

"ஏற்கெனவே முழங்கால்லதானே சார் இருக்கேன்" என்றாள்.

வம்புக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் இருந்தாள். ஆனால் கடையே சிரித்துவிட்டது. மேனேஜரின் முகம் கறுத்தது. அன்று மாலையே, இருபத்தோரு வருஷ வேலை போயிற்று. ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. பை, குடை, சாப்பாட்டு டப்பா மூன்றையும் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தவள், பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதாள்.

பிறகு ஒரு கல்லூரி விடுதிச் சமையலறையில் வேலை கிடைத்தது. ஞாயிறு வேலை நிற்கவில்லை. ஆனால் அந்தக் கடை இருக்கும் சாலைப் பக்கம் மட்டும் அவள் போவதில்லை. பஸ்ஸில் போனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஆறு வருஷம் கழித்து ஒரு போன் வந்தது. பேசியது மேனேஜரின் மருமகள்.

"அக்கா, எங்க மாமாவுக்குச் சர்க்கரை. கால்ல யாரையும் கைவைக்க விடமாட்டேங்கறாரு. கட்டைவிரல் பக்கத்துல ஏதோ கறுப்பா இருக்கு. நாங்க ரெண்டு பேருமே வேலைக்குப் போறோம். நீங்க ஒருதடவை வந்து பார்க்க முடியுமா? உங்களைத் தெரியும்னுகூட சொன்னாரு."

"தெரியும்னு சொன்னாரா?"

"ஆமாக்கா. நல்லா வேலை செய்வாங்கன்னார்."

"இந்த வாரம் நேரமில்லைம்மா. பார்க்கிறேன்" என்றாள். நேரம் இருந்தது. கறுப்பாக இருக்கிறது என்று யார் சொன்னாலும், "உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றுதான் முதல் வார்த்தை வரும் அவளுக்கு. அன்று அது வரவில்லை. அடுத்த வாரம் மருமகள் மறுபடி கூப்பிட்டாள். இவள் போனை எடுக்கவே இல்லை. அது மணியடித்து ஓயும்வரை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வாரம் சர்ச்சில் பெண்கள் ஜெபக்கூட்டம். அன்று வாசித்தது அந்தக் கால் கழுவிய பகுதிதான். புதிதாக வந்த ஒரு பெண் வெள்ளந்தியாகக் கேட்டாள்: "அப்போ தன்னைக் காட்டிக்கொடுத்த சீடன் காலையுமா இயேசு கழுவினார்?"

"ஆமா, அவன் அப்புறம்தானே எழுந்து போறான்" என்றாள் போதகரின் மனைவி.

எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்கள். இவள் புத்தகத்தை மூடிவைத்தாள். வெளியே வந்து மேனேஜர் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"ஆஸ்பத்திரியில இருக்கோம்க்கா" என்றாள் மருமகள். "நேத்து ரெண்டு விரல் எடுத்துட்டாங்க."

அன்று வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. கணவர் எத்தனையோ சமாதானம் சொன்னார். வீட்டில் இருந்தவர்களே பார்க்காததற்கு நீ என்ன செய்வாய் என்றார். மறுநாள் போதகரிடம் போனாள். "எனக்கு வலிக்குமேன்னு ஒதுங்கல ஐயா. அவருக்கு வலிக்கட்டும்னு ஒதுங்கினேன்" என்றாள். போதகர் வந்து அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். "இனி என்ன செய்யப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"போகணும். ஆனா சந்தோஷமாப் போக முடியாது. பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் போகணும்."

"கடிச்சுக்கிட்டே போங்க" என்றார்.

மேனேஜர் வீடு திரும்பிய வாரம் அவள் போனாள். ஜன்னலோரக் கட்டிலில் அவர் கிடந்தார். ஆள் பாதியாகியிருந்தார். இடது காலில் பெரிய கட்டு. அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பேசினைத் தொடுவதற்கு முன் சொல்லிவிட்டாள்.

"சார், விரல் எடுக்கறதுக்கு ரெண்டு வாரம் முந்தியே உங்க மருமக கூப்பிட்டாங்க. நேரம் இருந்துச்சு. உங்க மேல இருந்த கோபத்துல நான் வரலை. ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னுகூடச் சொல்லலை."

அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"வந்திருந்தா விரல் இருந்திருக்குமா?"

"தெரியாது சார். இருந்திருக்கலாம்."

"போ" என்றார்.

அவள் போனாள். அடுத்த ஞாயிறு திரும்பவும் வந்தாள். இந்தத் தடவை அவர் போ என்று சொல்லவில்லை. அவள் வலது காலைக் கழுவி, துடைத்து, நகம் வெட்டி, கண்ணாடியைப் பிடித்தாள். அவர் கண்ணாடியைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். மூன்று ஞாயிறு இப்படியே போயிற்று. அவளும் உள்ளே கனிந்துவிடவில்லை. முதல்நாள் அந்தக் காலைத் தொட்டபோது அவளுக்குக் கை கூசியது. வாய்க்குள் ஜெபம்கூட வரவில்லை. எட்டாம் நம்பர் ஷூ, உள்ளங்காலில் உயர்ந்த வளைவு, குதிகாலில் வெடிப்பு என்று தொழில் கணக்காக மட்டும் பார்த்துக்கொண்டு வேலையை முடித்தாள்.

நாலாவது ஞாயிறு, நகம் வெட்டிக்கொண்டிருக்கும்போது அவர் கூரையைப் பார்த்தே சொன்னார்: "அந்த ரெண்டு இடது காலையும் பெட்டியில போட்டது நான்தான்."

"தெரியும் சார்."

"எப்போலேர்ந்து?"

"அன்னிக்கே. முடிச்சு உங்க முடிச்சு."

"பின்னே ஏன் வாயைத் திறக்கலை?"

"திறந்தேனே. அதுக்குத்தானே வேலை போச்சு."

அவர் உடம்பு குலுங்கியது. முதலில் அழுகிறார் என்று நினைத்தாள். நிமிர்ந்து பார்த்தால் சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண் நிறைந்து வழிந்தது. "நான் உன்கிட்ட... அன்னிக்கே வந்து..." என்று தடுமாறினார்.

"காலை ஆட்டாதீங்க சார், நகவெட்டி பட்டுடும்" என்றாள். அவளுக்கும் மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது. கையில் கால் இருந்ததால் தோள்பட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எந்த நிமிஷத்தில் கோபம் போனது என்று பிறகு எவ்வளவோ யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் தேடிப் பார்த்தாள், அது இல்லை, அவ்வளவுதான்.

புண் ஆற நாலு மாதம் ஆயிற்று. முன்பக்கம் பஞ்சு வைத்த ஷூவில், ஊன்றுகோலோடு அவர் வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்தார். நடக்க ஆரம்பித்ததும் பழைய மேனேஜரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவளுடைய ஞாயிறு வேலையை விசாரித்தார். யார் வீட்டுக்கு எப்போது போகிறாள், ஒரே தெருவுக்கு ஏன் இரண்டு முறை போகிறாள், மாடிவீட்டை ஏன் கடைசியில் வைத்து முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறாள் என்று கேள்விமேல் கேள்வி. "உனக்கு வேலை தெரியும், வரிசை தெரியலை" என்று ஒரு நீள நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். தெருவாரியாகப் பெயர்களை எழுதினார். இனி எல்லோரும் தன் போனுக்கே கூப்பிடட்டும் என்றார்.

வீட்டில் இதைச் சொன்னபோது, "அவரை விட்டு வந்தும் அவர் உன்னை விடலை பார்த்தியா" என்றார் கணவர்.

மேனேஜர் சர்ச்சுக்கு வரவில்லை, வருவதாகவும் இல்லை. அவளும் கூப்பிடவில்லை. ஆனால் ஜெபக்கூட்டத்தில் பேசி இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொள்ளும்படி அவளை நச்சரித்தது அவர்தான். அவர்களை நர்ஸிடம் கூட்டிப்போய்ப் பழக்கினாள். இப்போது மூன்று பேசின்களும் இருபத்தாறு வீடுகளும் ஆகிவிட்டன.

அந்த இரண்டு விரல்களை அவள் மறந்ததில்லை. முன்கூட்டியே வந்திருந்தால் தப்பியிருக்குமா என்று கேட்டதற்கு டாக்டர், "சொல்ல முடியாது" என்றார். அந்தப் பதிலோடுதான் அவள் இருக்கிறாள். அதனால் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாகிவிட்டாள். யார் கூப்பிட்டாலும் இரண்டு நாளுக்குள் போக வேண்டும். காலில் கறுப்பு, சிவப்பு, வீக்கம் என்று ஒரு சொல் காதில் விழுந்தால் இவளுக்காகக் காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரி. பிடித்த ஆள், பிடிக்காத ஆள் என்ற பேச்சே கிடையாது. நோட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதச் சொன்னபோது மேனேஜர் மறுபேச்சுப் பேசாமல் எழுதினார், அடியில் இரண்டு கோடும் போட்டார்.

போன ஞாயிறு அவள் அவருடைய வீட்டில் இருந்தபோது ஒரு போன் வந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கடையில் அதட்டிய அதே குரலில் பேசினார்: "வீக்கம் இருக்கா? இல்லையா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. சரி, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்கா வருவாங்க. அதுவரைக்கும் வெறுங்காலோட நடக்கவிடாதீங்க. ஷூவைப் போடறதுக்கு முன்னாடி தட்டிப் பார்த்துப் போடச் சொல்லுங்க."

பிறகு நோட்டில் எழுதிக்கொண்டே, "செவ்வாய்க்கிழமை மறந்துடாதே" என்றார் அவளிடம்.

"சரி சார்" என்றாள் அவள், அவருடைய விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே.