களவெட்டியில் மகள் சொன்ன சொல்

என் மூத்த மகளுக்கு அப்போது இரண்டரை வயது. தம்பி பிறந்து மூன்று வாரம். தாய் அவனைப் பால் கொடுக்க மடியில் எடுக்கும்போதெல்லாம் இவள் முற்றத்தில் விழுந்து புரளுவாள். ஒரு நாளைக்கு ஐந்து தரம், சில நாள் ஏழு. எண்ணுவது என் பழக்கம். எண்ணிக்கொண்டிருந்தால் எதுவும் கைமீறாது என்று ஒரு நம்பிக்கை. இது கைமீறித்தான் போனது. நான் "கூடாது", "போதும்" என்று கத்துவேன். அவள் என்னைவிடச் சத்தமாகக் கத்துவாள். அவள் அதிகம் பாவித்த சொல் "இல்ல". சாப்பிடுவமா? இல்ல. குளிப்பமா? இல்ல. ஒன்றும் கேட்காமல் இருந்தாலும் இல்ல.

எங்கள் ஊரில் கல்யாணம் முடித்த ஆண் பெண் வீட்டில்தான் இருப்பான். ஆகவே இந்தக் கூத்தெல்லாம் மாமாவின் கண் முன்னால் நடந்தது. மனைவியின் தகப்பனான அவர் ஒன்றும் சொல்லமாட்டார். சொல்லாததுதான் எனக்குப் பயம்.

நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தின் விடுமுறையில் ஒரு நாள், சவளக்கடைப் பக்கம் மாமாவின் வயலில் சூடடிப்பு; வெட்டிக் குவித்த கதிரை, அதாவது சூட்டை, டிராக்டரால் மிதித்து நெல்லெடுப்பது. வழமைபோல மூட்டை எண்ண நான் போகவேண்டும். காலையில் மாமா, "புள்ளையும் வரட்டும் மருமகன். தாய் கொஞ்சம் கண்ணயரட்டும்" என்றார். அவளை விட்டுவிட்டுப் போகவே நான் பார்த்தேன்.

காரணம் இருந்தது. நெல் மிதிக்கும் களத்தைக் களவெட்டி என்போம். அதற்குள் கால் வைத்தால் "இல்லை" என்ற சொல் வாயில் வரக்கூடாது. "போதும்", "முடிந்தது", "குறைவு" எதுவும் ஆகாது. சொன்னால் பொலி, அதாவது குவிகிற நெல், வற்றிவிடும் என்பார்கள். தேநீர் தீர்ந்தால்கூட "கேத்தல் பெருகிட்டு" என்றுதான் சொல்லவேண்டும். ஏசுவதும் அடிப்பதும் கூடாது. நான் படித்தவன், நம்புவதில்லை. ஆனால் மாமாவின் சொந்தத்தில் ஒரு பெண், சிறுபிள்ளையாக இருந்தபோது களவெட்டியில் அளக்கும் மரைக்காலைத் தட்டிவிட்டாளாம். அந்த முறை விளைச்சல் குறைந்ததாம். அவளுக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "அந்த முசீபத்துப் புடிச்சவளா?" என்று, பீடை பிடித்தவள் என்ற பொருளில், யாராவது கேட்டார்கள். இப்போதோ சூறாவளி அடித்து ஒரு போகத்தையே அழித்துவிட்டுப் போனபின் வரும் முதல் நல்ல விளைச்சல். அதில் ஒரு மூட்டை குறைந்தாலும் அந்தப் பெயர் என் மகளுக்கு ஒட்டிவிடும். ஒட்டினால் கழுவ முடியாது.

காலை முழுவதும் அவள் காவல் குடிசையான வாடிக்குள் என் மடியில் இருந்து டிராக்டர் சூட்டின் மேல் சுற்றிச் சுற்றி ஓடுவதைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு சுற்றையும் எண்ணினேன். ஓடிக்கொண்டே இருந்தால் தேவலை என்று நினைத்தேன்.

டிராக்டர் நின்றது. டிரைவர் இறங்கிப் பீடி பற்றவைத்தான். ஆட்கள் வைக்கோலை உதறி அகற்றிவிட்டு, சுளகெடுத்துத் தூற்றத் தொடங்கினார்கள். அப்போதுதான் அவள் என் கையை உதறிக்கொண்டு ஓடி, குவிந்துகொண்டிருந்த பொலியின் அடியில் மல்லாக்க விழுந்தாள்.

"வேணா! இல்ல! இல்ல! இல்ல!"

சுளகுகள் நின்றன. வயலை மேற்பார்க்கும் முல்லைக்காரர் முகம் கறுத்துப்போய் என்னிடம் ஓடிவந்தார்.

"மாஸ்டர், புள்ளைட வாயப் பொத்துங்க!"

பொத்தினேன். கடித்தாள். தூக்கப் போனேன், வயிற்றில் உதைத்தாள். வழக்கம்போலக் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த ஒரு சொல்லும் அந்த இடத்துக்கு ஆகாது. திறந்த வாயோடு நின்றேன். மாமா வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பதர்மேல் உட்கார்ந்துவிட்டேன். மிஞ்சியிருந்தது ஆமாம் என்கிற ஒரே சொல்.

"ஓம்" என்றேன்.

"டக்டர் ஓடணும்!" நின்றுபோன டிராக்டரைக் காட்டிக் கத்தினாள்.

"ஓம் மகள். டக்டர் ஓடணும்."

"நிக்க வேணா!"

"ஓம். நிண்டது மகளுக்குக் கோவம்."

அவள் நிறுத்தவில்லை. குதியால் நெல்லை உதைத்தாள். நான் மெல்லிய குரலில் "ஓம், ஓம்" என்று இருந்தேன். குரல் மெல்லியதாக இருந்தது பொறுமையால் அல்ல, பயத்தால்.

"மாஸ்டர் பள்ளிக்கூடத்திலயும் இப்பிடித்தான் படிப்பிக்கிறயா?" என்றான் சுளகோடு நின்றவர்களில் ஒருவன்.

"சிரிக்காத காக்கா" என்று அந்த மூத்தவனைத் தடுத்தான் டிரைவர். "என்ட பொஞ்சாதியிட்ட நான் பதினாறு வருசமா இப்பிடித்தான் தப்பி வாறன்."

சிரிப்பு எழுந்தது. மாமா சிரிக்கவில்லை.

மெதுவாக அவள் கத்தல் அழுகையானது, அழுகை விம்மலானது. மூக்கு ஒழுக என்னைப் பார்த்தாள்.

"பாப்பா வேணா" என்றாள்.

வீட்டில் என்றால் "அப்படிச் சொல்லக்கூடாது" என்று அதட்டியிருப்பேன். களவெட்டியில் அதுவும் முடியாது. "ஓம்" என்பது அன்று எனக்குக் கனத்தது அந்த ஒரு முறைதான்.

"ஓம் மகள்" என்றேன். "மகளுக்கு உம்மா வேணும்."

ஊர்ந்து வந்து என் மடியில் ஏறினாள். உடம்பெல்லாம் அரிக்கும் நெற்சுணை. கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள்.

தூற்றி முடிய அளவு தொடங்கியது. முதல் மரைக்காலுக்கு ஒன்று என்று சொல்வதில்லை, பெருகட்டும் என்று "பறக்கத்து" என்பார்கள். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மூட்டைகளை மனதுக்குள் எண்ணினேன். மாமா காலையில் சூட்டைப் பார்த்து அறுபது மதித்திருந்தார். ஐம்பத்து மூன்றாவது மூட்டை கட்டியபோது களம் வெறுமையாகக் கிடந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறக்கவும் முடியாது. அந்த வழக்கம் அங்கே என்னைக் காத்தது. ஆனால் களவெட்டியைத் தாண்டினால் யாரும் எதையும் பேசலாம்.

டிராக்டர்ப் பெட்டியில் மூட்டைகளின் மேல் இருந்துகொண்டு ஊருக்குத் திரும்பினோம். கிட்டங்கித் துறையைத் தாண்டும்போது மாமா என் பக்கம் திரும்பினார். ஏச்சு வருகிறது என்று நினைத்தேன்.

"எத்தினை மருமகன்?"

"அம்பத்தி மூணு மாமா."

தலையை ஆட்டினார். மூட்டைகளுக்கு மறுபுறம் இருந்த முல்லைக்காரர் செருமினார்.

வீட்டு வாசலில் மனைவி பாப்பாவோடு வந்து நின்றாள். மகளின் தலையில் ஒட்டியிருந்த பதரைப் பார்த்ததும் முகம் மாறியது.

"வாப்பா, இவ அங்க குழறினாவா?" கத்தி அழுதாளா என்று தன் தகப்பனைத்தான் கேட்டாள்.

மூட்டை இறக்கிக்கொண்டிருந்த முல்லைக்காரர் நிமிர்ந்தார். மாமா கால் கழுவிக்கொண்டிருந்தார். வாளியை வைத்துவிட்டு, கேட்ட தன் மகளைப் பார்க்காமல் முல்லைக்காரரைப் பார்த்தார்.

"இல்ல" என்றார். கொஞ்சம் பொறுத்து, இன்னும் உரக்க, "இல்ல. புள்ள நல்லாத்தான் இருந்திச்சி."

முல்லைக்காரர் குனிந்து அடுத்த மூட்டையைப் பிடித்தார்.

அன்று முழுவதும் வளர்ந்த மனிதர் ஒருவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் "இல்லை" அது. எனக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதி நெடுநேரம் நிலைக்கவில்லை. தோளில் மகள் விழித்துக்கொண்டாள். தாயின் கையில் இருந்த தம்பியைக் கண்டாள். உதடு பிதுங்கத் தொடங்கியது.

நான் முற்றத்து மணலில் உட்கார்ந்துகொண்டேன்.